நகுமோ வீட்டு மார்க்கவசம்

"மைக்கை யாராவது அணைங்கப்பா!"

"அணைச்சா தெரியும் சேதி! நீங்க சொன்னது மைக்ல தானே சொன்னீங்க தலைவரே? அப்ப நான் கேக்கறதும் மைக்லயே இருக்கட்டும்!"

"நோபுயோ அம்மா, இது திருவிழா மேடை. கொஞ்சம் மெதுவா..."

"மெதுவாவா? என் பிள்ளையைத் திருடன்னு சொன்னப்ப மெதுவாவா சொன்னீங்க?"

கடைத்தெருச் சமூகக் கூடத்தில் அதற்கு மேல் ஒரு சத்தம் இல்லை. பின்வரிசையில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தவர்களின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. மைக் மட்டும் கீச்சென்று ஒரு முறை அழுதது.

மேடையில் நோபுயோவின் கையில் இருந்தது சிவப்பு நிறத்தில் ஒரு பொம்மை ரோபோ. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை அவள் தூக்கிப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், தலைவர் நகுமோவின் மண்டையைக் குறிபார்க்கிறாள் என்றுதான் தோன்றியது.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி.

நோபுயோ, கத்சுஷிகாவில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சுகயா பழைய பொம்மைக் கடைக்காரி. புருஷன் போன பிறகு தனியாகத் தூக்கி நிறுத்திய கடை. எந்தப் பொம்மையைக் கொடுத்தாலும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்து, எது அசல், எது ஒட்டு, எது பெயின்ட் பூசி மறைத்தது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஆசை ஆசையாகக் கொண்டுவந்தவர்கள் அழுதுகொண்டு திரும்பியதும் உண்டு. மகள் மிஹோ கூடவே கடையில் உட்கார்ந்து அதே கண்ணைப் பழகியவள். மகன் தகுமா பள்ளி முடித்த கையோடு ரயில் ஏறித் தூரத்து ஊரான ஹமாமத்சுவுக்குப் போனவன், புத்தாண்டுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை.

நகுமோ எங்கள் கடைத்தெருச் சங்கத் தலைவர். சோயா தடவிச் சுட்ட அரிசித் தட்டை விற்பவர். அவருடைய ஒரே பிள்ளை ரியோஹே பொம்மைக் கம்பெனி ஒன்றில் வடிவம் வரைகிறான். அவனுக்கும் மிஹோவுக்கும் இலையுதிர்காலத்தில் கல்யாணம். போன வாரத் தொடரில் இரண்டு குடும்பமும் விலாங்குமீன் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துக் கலைந்ததைப் பார்த்தோம். பழைய கதையை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

பழைய கதை இதுதான். ரியோஹே சின்னப் பையனாக இருந்தபோது அவனிடம் ஒரு ரோபோ இருந்தது. மடக்கினால் தீயணைப்பு வண்டி. இழுத்துத் திருப்பினால் ஆள். தோளுக்கு, காலுக்கு, மாருக்கு என்று தனித்தனிக் கவசம் மாட்டலாம். ஒரு நாள் மார்க்கவசத்தைக் காணோம். அன்றைக்கு அவனோடு விளையாடியது நாலாம் வகுப்பு தகுமா. நகுமோ வீட்டில் யாரும் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. "உங்க வீட்டுல ஒரு தடவை தேடிப் பாக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்கள். அந்த ஒரு கேள்வி போதாதா? மறுநாளே நோபுயோ, நல்ல தாளில் சுற்றிய காராமணி அல்வாப் பெட்டியோடு மகனை இழுத்துக்கொண்டு போய் நகுமோ வாசலில் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். தகுமாவின் தலையையும் கையால் பிடித்துக் குனிய வைத்தாள். அப்புறம் அவன் தெருவில் நடந்தால் கடைக்காரர்கள் பொருளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான். யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அந்த விஷயத்தில் எங்கள் தெரு ரொம்ப நாகரிகம்.

இனி மேடைக்கு வருவோம்.

வசந்தத் திருவிழாவில் ஒரு மணி நேரம் பழைய பொம்மை மதிப்பீடு நடக்கும். ஆளுக்கு ஒன்று கொண்டு வருவார்கள், நோபுயோ பார்த்துச் சொல்லுவாள், எல்லாரும் கை தட்டுவார்கள். மீன்கடைக்காரரின் தகர ரயில் முடிந்தது. சலூன் அம்மாவின் கண் சிமிட்டும் பொம்மை முடிந்தது. கடைசியாகத் தலைவரே எழுந்து வந்தார், திருவிழா மேலங்கியும் கையில் ஒரு துணிமூட்டையுமாக.

"இது எங்க ரியோஹேவோட ரோபோ. கல்யாணம் ஆகி வேற வீடு போறான்ல, அலமாரியை ஒழிச்சப்ப கெடைச்சுது. சம்பந்தியம்மா கையாலயே மதிப்பு போட்டு வாங்கலாம்னு கொண்டாந்தேன்."

கைதட்டல்.

"இடுப்பு திரும்பாது. அது அப்பவே கெட்டுப்போச்சு. அப்புறம் மார்க்கவசம் மட்டும் கெடையாது." நகுமோ கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அது எங்க போச்சுன்னு இங்க இருக்கற பெரியவங்களுக்கெல்லாம் தெரியும்! ஆனா பாருங்க, நாங்க சம்பந்தி ஆகப் போறோம். அதையெல்லாம் என்னிக்கோ மன்னிச்சாச்சு!"

சிரிப்பு. நாங்களும்தான் சிரித்தோம், இல்லையென்று என்ன சொல்வது. தலைவர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது மரியாதை இல்லை.

நோபுயோ சிரிக்கவில்லை. மேடைக்குக் கீழே நின்ற மிஹோவின் காது மட்டும் ஜிவுஜிவென்று சிவந்தது. ரியோஹே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நோபுயோ வெள்ளைக் கையுறையை மாட்டினாள். மூக்குக் கண்ணாடியை இறக்கினாள். கடையில் எப்படிப் பேசுவாளோ அப்படியே, ஏற்ற இறக்கம் இல்லாமல் மைக்கில் பேசினாள்.

"பெயின்ட் அசல். ஏணி உடையலை. கண்ணாடி ஸ்டிக்கர் ஓரம் தூக்கியிருக்கு, வெயில்ல வச்சிருக்கீங்க. தோள் கவசம் ரெண்டு, கால் கவசம் ரெண்டு, இருக்கு. மாட்டற முளை தேயலை. அதிகம் விளையாடாத பொம்மை."

"அதான் காணாமப் போயிடுச்சே, அப்புறம் எங்க விளையாட!" என்றார் நகுமோ.

நோபுயோ வண்டியைக் கவிழ்த்தாள். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். மறுபடி தடவினாள்.

"இடுப்பு திரும்பாதுன்னு சொன்னீங்க."

"ஆமா. என் பலம் பூரா போட்டுத் திருப்பிப் பாத்துட்டேன்."

"கெட்டுப்போய் இல்லை. பூட்டியிருக்கு."

"என்னது?"

பின் சக்கரத்துக்கு நடுவே மிளகு அளவுக்கு ஒரு பிடி. நகத்தால் அதைப் பின்னால் தள்ளினாள். ஒரு 'டிக்'. வண்டியின் அடித்தட்டு என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தது அப்படியே கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதைத் திருப்பினாள். மறுபக்கம் பொன் நிறம். நடுவில் நீலக் கண்ணாடிக் கல்.

மார்க்கவசம்.

இந்த வகை ரோபோவில் அதுதான் விசேஷமாம். வண்டியாக மடக்கும்போது மார்க்கவசத்தைத் தலைகீழாக வயிற்றில் பொருத்திவிடலாம். பொருத்தினால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், பிடியைத் தள்ளினால்தான் திறக்கும். பொம்மை வாங்கின அன்றே விளக்கத் தாளோடு பெட்டியைக் குப்பையில் போட்ட வீட்டில் இது யாருக்குத் தெரியும்?

நோபுயோ இடுப்பைத் திருப்பினாள். திரும்பியது. காலை இழுத்தாள், தலையைத் தூக்கினாள், மார்க்கவசத்தை மாட்டினாள். மேஜை மேல் நிறுத்தினாள். அத்தனை வருஷமாகக் குப்புறக் கிடந்தவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"மதிப்பீடு சொல்றேன், கேளுங்க," என்றாள் நோபுயோ. "எல்லாப் பாகமும் இருக்கு. எதுவும் காணாமப் போகலை. எவனும் திருடலை. என் பையன் திருடலை!"

அங்கேதான் ரோபோவைக் கையில் தூக்கிப் பிடித்தாள். அங்கேதான் நகுமோ மைக்கை அணைக்கச் சொன்னார். நீங்கள் முதலில் கேட்ட சண்டை அதுதான்.

நகுமோ கையை விரித்தார். "சின்னப் பசங்க விஷயம்! இதுக்குப் போய்... சரி, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நாங்களா உங்க பையனைத் திருடன்னு சொன்னோம்? நீங்களேதான் இனிப்புப் பெட்டியோட வந்து நின்னீங்க. செய்யாத தப்புக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா?"

"கேப்பாங்க! இந்தத் தெருவுல கேப்பாங்க!" நோபுயோ மேஜை மேல் திரும்ப வைத்த வேகத்தில் ரோபோ ஒரு ஆட்டம் ஆடியது. "தலைவர் வீட்டுல மொகம் சுளிச்சா, நாளைக்கு என் கடைக்கு முன்னாடி சைக்கிள் நிறுத்தவும் ஆள் வராது. எது நடந்தாலும் மொதல்ல குனி, அப்புறம் விசாரின்னு தானே எல்லாரும் பழகி வச்சிருக்கோம்! நான் குனிஞ்சேன். அப்புறம் விசாரிக்கவே இல்லை. என் புள்ளை வாயைத் தொறந்தான் தலைவரே, ஏதோ சொல்ல வந்தான். நான் அவன் கழுத்தைப் புடிச்சு அமுக்கினேன். இந்தக் கையாலதான். நீங்க என்னடான்னா மேடை ஏறி மன்னிச்சுட்டேங்கறீங்க!"

"இதெல்லாம் உள்ளுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, தேத்தண்ணி குடிச்சுகிட்டே..."

"மைக்ல சொன்னதை மைக்ல எடுங்க."

நகுமோ எடுக்கவில்லை. மேலங்கியின் முடிச்சைச் சரிசெய்துகொண்டு, அடுத்து குலுக்கல் பரிசு என்று அறிவித்தார். அந்த மனிதரின் நெஞ்சழுத்தம் வேறு யாருக்கும் வராது.

நோபுயோ பொம்மையைத் துணியில் வைத்தாள். வைக்கும்போது மார்க்கவசத்தின் ஓரத்தில் அவள் கண் ஒரு கணம் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். கோபத்தில் மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தோம். அவளுக்குப் பின்னால் மேடை ஏறிய மிஹோ அந்தப் பொம்மையை எடுத்தாள். அம்மா பார்த்த இடத்தையே பார்த்தாள்.

பிறகு ரியோஹேயின் சட்டைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கூடத்துச் சமையலறையில் அந்த நேரம் தெருவின் பாதிப் பெண்கள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தோம். குழாயை மூடினோம். தண்ணீர் வீணாகக் கூடாது பாருங்கள்.

"இது என்ன ரியோ?"

"எது?"

"இந்த முளை. ஒடஞ்சு ஒட்டியிருக்கு. பசை வழியலை, மேல பெயின்ட் தொட்டு மறைச்சிருக்கு. சின்னப் பையன் வேலை இல்லை இது. தட்டை சுடற உங்கப்பா வேலையும் இல்லை."

ரியோஹே சுவரைப் பார்த்தான்.

"இந்த மாதிரி ஒட்டறவன் ஒருத்தனைத்தான் எனக்குத் தெரியும். எங்க கடையில ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒடஞ்சதெல்லாம் ஒட்டிக் குடுக்கறவன். சொல்லு. எப்ப தொறந்தே?"

"காலேஜ் சேந்த வருஷம்," என்றான் ரியோஹே. குரல் அவனுக்கே கேட்டிருக்காது. "சும்மா எடுத்துப் பாத்தேன். பிடி கைக்கு மாட்டுச்சு. தொறக்கறப்ப முளை ஒடஞ்சுது. ஒட்டி, திரும்ப உள்ளயே வச்சுட்டேன்."

"ஏன்?"

"அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? அதுக்குள்ள தகுமா அண்ணன் ஊரை விட்டே போயிட்டார். இனிமே சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு..."

"எங்க வீட்டுக்கு எத்தனை தடவை சாப்பிட வந்திருப்பே? எங்கம்மா வறுத்த மீனை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னியே! ஆல்பத்துல அண்ணன் போட்டோவைப் பாத்துட்டு 'ஜாடை உன்னை மாதிரியே இருக்கு'ன்னு சொன்னியே! அப்ப எல்லாம் இது உள்ள இருக்கறது உனக்குத் தெரியும்!"

"மிஹோ, இன்னிக்கு அப்பா மேடையில அதைக் கொண்டு வருவார்னு எனக்குச் சத்தியமா தெரியாது."

"வராம இருந்திருந்தா?"

 எங்களில் ஒருத்தி கையிலிருந்து டம்ளர் நழுவித் தொட்டியில் விழுந்தது. மிஹோ அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். பார்த்த பார்வைக்கு டம்ளர் கழுவச் சோப்பே தேவையில்லை.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நோபுயோ போன் பேசிக்கொண்டிருந்தாள். காது மந்தம் என்று எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள், ஆகவே யாரும் எங்களைக் குறை சொல்ல முடியாது.

"தகுமா, அந்த ரோபோ இருக்கே... நகுமோ வீட்டு ரோபோ. அதோட மார்க்கவசம் கெடைச்சுடுச்சுடா. உள்ளயே இருந்திருக்கு."

அந்தப் பக்கம் பட்டறைச் சத்தம். தகுமா மோட்டார் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிப்பவன்.

"உள்ளதான் இருந்துச்சு," என்றான் நிதானமாக.

"உனக்குத் தெரியுமா?"

"நான்தானேம்மா வச்சுக் குடுத்தேன். அவனுக்கு விரல்ல பலம் பத்தலை. வண்டியா மடக்கிக் குடுன்னான், குடுத்தேன். கவசம் உள்ள போனதை அவன் கவனிக்கலை போல."

"ஏன்டா நீ சொல்லலை?"

பட்டறைச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. "சொல்ல வந்தேனேம்மா," என்றான் பிறகு.

நோபுயோ சைக்கிள் கைப்பிடி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். யாருடைய சைக்கிள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"மிஹோ கல்யாணத்துக்காவது வாடா."

"மாப்பிள்ளை யாருன்னு இன்னும் நீங்க ரெண்டு பேரும் சொல்லவே இல்லையே."

நோபுயோ கண்ணை மூடிக்கொண்டாள். "நகுமோ வீட்டுப் பையன்தான்."

ஒரு யந்திரம் நின்றது. வேறொன்று ஓட ஆரம்பித்தது.

"பெயின்ட் காயுதும்மா. வைக்கறேன்."

மிஹோ அத்தனையும் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். ரியோஹே அவளுக்கு இரண்டு அடி தள்ளி. குலுக்கலை முடித்துவிட்டு நகுமோவும் வந்து சேர்ந்தார், விசிறியால் முகத்துக்குக் காற்று வீசிக்கொண்டு.

"மருமகளே, அம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லு. கல்யாணம் வச்சிருக்கற நேரத்துல..."

"கல்யாணத்தைப் பத்தித்தான் மாமா சொல்லப் போறேன்." மிஹோவின் குரல் ஏறவே இல்லை. "கல்யாணத்தைப் பதியறப்ப ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேரைத்தானே எழுதணும்? நகுமோன்னு எழுத மாட்டேன். சுகயான்னு எழுதணும். உங்க பிள்ளை எங்க பேரை எடுத்துக்கட்டும்."

விசிறி நின்றது.

"என்ன பேச்சு இது! ஒரே பிள்ளை! அவன் எதுக்கு வீட்டோட மாப்பிள்ளையாப் போகணும்? கடை வாசல்ல நாலு தலைமுறையாப் பேர்ப்பலகை இருக்கு. எனக்கப்புறம் அது யாருக்கு?"

"எங்கண்ணனுக்கு இந்தத் தெருவுல ஒரு பேர் இருந்துச்சு மாமா. அதுக்குப் பலகைகூடத் தேவைப்படலை. எல்லார் வாயிலயும் எழுதியிருந்துச்சு." அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம். "திருடன் வீட்டுப் பேரு எப்படி இருக்கும்னு உங்க பிள்ளையும் கொஞ்ச நாள் சுமந்து பாக்கட்டும். முடியாதுன்னா இன்னிக்கே சொல்லட்டும். நான் அழ மாட்டேன்."

"ரியோஹே! வாடா வீட்டுக்கு!"

ரியோஹே நகரவில்லை. நோபுயோவின் முன்னால் போய் நின்றான். குனியப் போகிறான் என்று நினைத்தோம். அவளும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது, கையை நீட்டித் தடுத்தாள்.

"குனியாதே தம்பி. குனிஞ்சது போதும். வாயால சொல்லு."

"எனக்குத் தெரியும் அத்தை. பல வருஷமாத் தெரியும். அண்ணன் எடுக்கலைன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தேன்."

நகுமோவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். மகனுக்குத் தெரியும் என்பது அப்பனுக்குத் தெரியாது.

ரியோஹே மிஹோவின் பக்கம் திரும்பினான். "பேரை மாத்திக்கறேன். அது போதுமா?"

"போதாது," என்றாள் மிஹோ. "அது ஆரம்பம்."

இலையுதிர்காலத்துக்குப் பேசி வைத்திருந்த மண்டபத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுக் கடைசியில், அலுவலகங்கள் மூடுவதற்கு முந்தின நாள், இரண்டு பேரும் ஒரு குடைக்குள் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். விருந்து இல்லை. பொம்மைக் கடையில் இப்போது போன் எடுத்து "சுகயா" என்று சொல்லும் ஆண்குரல் ரியோஹேயுடையது. முதல் சில மாதம் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது, இப்போது இல்லை.

நகுமோ உடல்நிலை சரியில்லை என்று சங்கத் தலைமையை விட்டார். நேற்றுகூட ஆற்றங்கரையில் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வேகநடை போவதைப் பார்த்தோம். மகன் கடை இருக்கும் தெருக்கோடிப் பக்கம் மட்டும் நடை போவதில்லை.

ரியோஹே ஹமாமத்சுவுக்குப் போய் வந்தானா, போனால் கதவு திறந்ததா என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை. மிஹோவிடம் கேட்டால், "என்ன வாங்க வந்தீங்க?" என்கிறாள்.

தெருவை விட்டுப் போனது நோபுயோதான். பிப்ரவரியில், பிளம் மரம் பூத்த வாரத்தில், கடையைப் பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் ஒப்படைத்துவிட்டு ஒரு சூட்கேஸோடு ரயில் ஏறினாள். ஹமாமத்சுவில் அவளை யாரும் வரச் சொல்லவில்லை. மகன் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஓர் அறை எடுத்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் பெயின்ட் வாசனை வருகிறது என்று மிஹோவுக்குச் சொன்னாளாம். இரண்டு ஸ்டேஷன் தூரத்துக்குப் பெயின்ட் வாசனை வராது. வருகிறது என்கிறாள்.